இஸ்திரிக்காரருக்குத் திறந்த கதவுகள்

தையல் ஆலை தீப்பிடித்த மறுநாள் காலை ஆறேகால் மணியிலிருந்து இஸ்திரிக்காரரைக் கண்டால் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. முதலில் திறந்தது பன்னிரண்டு குடித்தனங்களுக்குப் பொதுவான கழிவறையின் தகரக் கதவு. உள்ளே கணக்கு வாத்தியார் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாள் தானே பின்னால் நகர்ந்ததையும், கதவு ஒரு முனகலும் இல்லாமல் விரிந்ததையும், எதிரே வாளியோடு இஸ்திரிக்காரர் நின்றதையும் அவர் வரிசையாகப் பார்த்தார். செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இஸ்திரிக்காரரின் படம்தான் இருந்தது. அதனால் வாத்தியார் திட்டவில்லை. தாளைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, "பரவால்ல, நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டார். பிறகுதான் அதில் உள்ள சங்கடம் இருவருக்கும் உறைத்தது. அன்றே குடித்தனக்காரர்கள் கூடி, கழிவறைப் பக்கம் வரும்போது இஸ்திரிக்காரர் இருபதடி முன்பிருந்தே இருமிக்கொண்டு வரவேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

தீயைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றாலும் சொல்லிவிடுவது நல்லது. ஆலையின் பின்பக்கச் சந்தில் அவருடைய தள்ளுவண்டி பதினாறு வருடமாக நின்றது. எதிரே ஓர் இரும்புக் கதவு. பெண்கள் நூல்கண்டுகளைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து மேற்பார்வையாளர் அதை வெளியே பூட்டியே வைத்திருந்தார். மதியம் இரண்டரை மணிக்கு அந்தக் கதவை உள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. கதவுக்கு அடியிலிருந்து புகை வந்தது. இஸ்திரிக்காரர் யோசிக்கவில்லை. கையில் இருந்த, தணல் நிரம்பிய ஏழு கிலோ இஸ்திரிப்பெட்டியாலேயே பூட்டை அடித்தார். பதினோராவது அடியில் பூட்டு விழுந்தது. பெட்டியின் மூடி திறந்து தணல் கொட்டி வலது உள்ளங்கை வெந்துபோனது. நாற்பத்தொரு பெண்கள் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவளுக்கு அன்றிலிருந்து 'நாப்பத்தொண்ணு' என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரை ஆலைப் பதிவேட்டைத் தவிர எல்லோரும் மறந்தார்கள்.

கதவு விஷயத்தை ஊர் நிதானமாக விசாரித்தது. நகராட்சிப் பொறியாளர் அளவு நாடாவோடு வந்து, இஸ்திரிக்காரர் நான்கு தப்படி தூரத்தில் வந்ததும் கதவு திறக்கிறது, ஜன்னல் திறப்பதில்லை, பெட்டி திறப்பதில்லை, பறவைக் கூண்டு மட்டும் திறக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். கூண்டைச் சோதித்ததில் பறந்துபோன இரண்டு கிளிகளை அந்த அறிக்கையில் குறிப்பிடவில்லை. பூட்டுக்காரர் எண்ணெய்க் குப்பியோடு வந்து ஏழு கதவுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பூட்டுல ஒரு கோளாறும் இல்ல. ஆளுலதான்" என்றார். அத்தோடு விசாரணை முடிந்தது. மழை வருவதையும் பஸ் தாமதமாவதையும் ஏற்றுக்கொள்வது போல ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

தீக்குப் பிறகு ஒன்பது நாள் ஊர் முழுக்க நல்லவர்களாக இருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்குக் கூடை கூடையாக ரொட்டி அனுப்பினார். மருந்துக் கடைக்காரர் கட்டுத்துணியை மலையாகக் குவித்தார். சண்டைக்கார மாமியார்கள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் எல்லோரும் ஒருசேர லீவு எடுத்துக்கொண்டார்கள். ரொட்டி இரண்டு விரல் அளவு சிறுத்தது. மருந்துக் கடை மாலை நான்கு மணிக்கே பூட்டப்பட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒன்பது நாள் செய்தோமே என்கிற திருப்தி ஒவ்வொருவர் வயிற்றிலும் விருந்துச் சாப்பாடு போலக் கிடந்தது. அது செரிக்கிறவரை அசைய வேண்டாம் என்று எல்லோருக்கும் தோன்றியது.

மற்றவர்களுக்கு ஒன்பது நாள் என்றால் இஸ்திரிக்காரருக்கு நாற்பத்தொரு உயிர். அவர் கெட்டவராகிவிட்டார் என்று சொன்னால் அது அபாண்டம். பரீட்சையைச் சீக்கிரமே எழுதி முடித்து, தாளைக் கொடுத்துவிட்டு, மணி அடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் போல ஆகிவிட்டார், அவ்வளவுதான். சினிமாக் கொட்டகையின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. உள்ளே போய் உட்கார்ந்தார். மேலாளர் ஓடிவந்து குஷன் நாற்காலி போட்டு, "உங்களுக்கு இல்லாததா?" என்றார். பக்கத்துக் குடித்தனத்தில் யாரும் இல்லாத நேரத்தில் கதவு திறந்தது. உள்ளே போய் அவர்கள் மின்விசிறியின் கீழே படுத்துத் தூங்கினார். திரும்பி வந்தவர்கள் சத்தம் போடாமல் சமைத்துவிட்டு, எழுந்ததும் சாப்பாடும் போட்டார்கள். "அவருக்கு இல்லாததா?" என்கிற இரண்டு வார்த்தை அந்த வருடம் ஊரில் வணக்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்டது.

வேலையிலும் அது தெரிந்தது. ஒரு நாள் இளம் குமாஸ்தா ஒருவன் நேர்முகத் தேர்வுக்குப் போட வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டையின் முதுகில் பெட்டியை வைத்துவிட்டு, வழியில் போனவரிடம் தீக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பழுப்பாக, படகு வடிவத்தில் ஒரு தடம் விழுந்துவிட்டது. பழைய இஸ்திரிக்காரர் என்றால் சட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே ஓடி, பதறி, புதுத்துணி வாங்கித் தைத்துக் கொடுத்திருப்பார். இப்போது அவர் தடத்தைப் பார்த்தார். நாற்பத்தொரு உயிரையும் ஒரு சட்டையையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சட்டை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. தடம் உட்பக்கம் போகும்படி அழகாக மடித்து, மேலே ஒரு காகிதமும் சுற்றிக் கொடுத்தார். குமாஸ்தா வந்து கேட்கவில்லை. நாற்பத்தொரு பேரைக் காப்பாற்றியவரிடம் போய் ஒரு சட்டையைப் பற்றிப் பேசுவதா?

இதற்கெல்லாம் மசியாத ஒரே ஆள் அவர் மனைவி. அவர் நகரப் பஸ்ஸில் கண்டக்டர். ஊரே அவரைக் கண்டக்டரம்மா என்றது. ஓடுகிற பஸ்ஸின் கதவு நடுத்தெருவில் திடீரென்று விரிந்தால், 'நம்ம ஆள் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறார்' என்று அவருக்குத் தெரிந்துவிடும். வண்டியை நிறுத்தி, ஏற வந்த கணவரை மேலும் கீழும் பார்த்து, "வரிசைல நிக்குறவங்கல்லாம் பொம்மையா? பின்னாடி போங்க" என்பார். அவரும் பின்னால் போய் நிற்பார். கதவு மட்டும் அவர் ஏறுகிறவரை மூடாது. ஏறிய பிறகும், அவர் உள்ளே நான்கு தப்படி தள்ளிப் போகிறவரை மூடாது. அந்த வருடம் ஏழாம் நம்பர் பஸ் ஒரு நாள்கூட நேரத்துக்குப் போகவில்லை.

பெரிய தவறு நடந்தது இரண்டாவது வருடம். அரசு ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வெளியூரிலிருந்து கண் டாக்டர் வருவார். இருபத்தைந்து பேரைப் பார்ப்பார். நாலரை மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். டோக்கனுக்காகக் காலை ஆறு மணிக்கே வரிசை கட்டுவார்கள். கரித்தூள் விழுந்து கண் சிவந்திருந்த இஸ்திரிக்காரர் மூன்றரை மணிக்குப் போனார். டாக்டர் அறைக் கதவு திறந்தது. உள்ளே போனார். கண்ணைக் கழுவிவிட மூன்று நிமிடம்தான் ஆயிற்று. ஆனால் டாக்டருக்கு அந்தத் தீக்கதையை நேரில் கேட்க ஆசை. இஸ்திரிக்காரருக்குச் சொல்ல ஆசை. பதினோராவது அடி விழும்போது மணி நாலேகால். வெளியே நர்ஸ் வந்து, மீதி இருந்த ஒரே ஒரு டோக்கன்காரரிடம் அடுத்த மாதம் வரும்படி சொன்னாள். வெளியே வந்த இஸ்திரிக்காரர், பெஞ்சில் யாரோ ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். யார் என்று பார்க்கவில்லை. கண் தெளிவாக இருந்தது. காற்று நன்றாக வீசியது. பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்குப் போனார்.

எட்டு நாள் கழித்துக் கண்டக்டரம்மாவின் பஸ்ஸில் நாப்பத்தொண்ணு ஏறினாள். ஏழாம் நம்பர் பஸ் ஆலைப் பக்கம் போகாது. முதல் நாள் ஏதோ ஞாபகத்தில் ஏறிவிட்டாள் என்று கண்டக்டரம்மா இறக்கிவிட்டார். மூன்றாவது முறையும் ஏறியபோது அவளைத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்.

"ஒண்ணாம் நம்பரையும் ஏழையும் பிரிச்சுப் பாக்க முடியலையா உனக்கு?"

"கொஞ்ச நாளா மங்கலா இருக்குக்கா. அந்தப் புகைக்கு அப்புறம் படலம் மாதிரி வளந்துட்டே வருது. அடுத்த மாசம் டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்."

"இந்த மாசம் வந்தாரே, போகலையா?"

"போனேன். இருபத்தஞ்சாவது டோக்கன். அண்ணன் உள்ள பேசிட்டு இருந்தாங்க, டாக்டருக்கு ரயில் நேரம் ஆயிடுச்சு." அவள் சிரித்தாள். "அதனால என்னக்கா, அண்ணனுக்கு இல்லாததா?"

கண்டக்டரம்மா மேலும் நாலு வார்த்தை கேட்டதில் மீதியும் வந்தது. புது இடத்தில் திறந்திருந்த ஆலையில் அவள் கையால் பொத்தான் தைக்கும் பிரிவில் இருந்தாள். பொத்தான் தைக்கக் கண் வேண்டாம், விரலே பார்த்துக்கொள்ளும். ஊசியில் நூல் கோக்கத்தான் கண் வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது முறை கோக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் இதுவரை திருட்டுத்தனமாகக் கோத்துக் கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் கண்டுபிடித்து அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டார். இந்த வாரம் வேகம் வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் அவளும் படுக்கையில் கிடக்கும் அப்பாவும் சாப்பிட்டார்கள்.

அன்று மாலை கண்டக்டரம்மா வீட்டுக்கு வரும்போது கூடவே தச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் கழற்றச் சொன்னார். திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. பன்னிரண்டு குடித்தனமும் வேடிக்கை பார்த்தது.

"என்ன பண்றே நீ?" என்றார் இஸ்திரிக்காரர்.

"கதவு இருந்தாத்தானே உங்களுக்குன்னு திறக்கும்? இனிமே இந்த வீட்டுக்குள்ள எல்லாரும் வர்ற மாதிரி நீங்களும் வாங்க."

"திருடன் வந்தா?"

"வரட்டும். ஒரு திருடன் இருக்கிற வீட்டுல இன்னொருத்தன் வந்து என்ன எடுத்துடப் போறான்?"

அப்புறம்தான் நாப்பத்தொண்ணின் கதையைச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார்: ஆறு மணி, இருபத்தஞ்சாவது டோக்கன், முக்கால் மணி நேரம், அறுபது ஊசி. இஸ்திரிக்காரர், வெந்து தழும்பேறிய தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நாப்பத்தொரு பேர்..." என்று ஆரம்பித்தார். "அதுல ஒருத்திதான் அவ" என்றார் கண்டக்டரம்மா. அந்த வாக்கியத்தை இஸ்திரிக்காரர் அதன் பிறகு எந்த இடத்திலும் முடிக்கவில்லை.

மறுநாள் அவர் வண்டியை எடுக்கவில்லை. தனக்கு ஏதாவது தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஊர் முழுக்க நடந்தார். இத்தனைக்குப் பிறகு கதவுகள் திறக்காது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. வங்கிக்கு முன்னால் போய் நின்றார். திறந்தது. நூலகம், விடுமுறை நாளாக இருந்தும், திறந்தது. காவல் நிலையத்தில் லாக்கப் கதவே திறந்துகொண்டது. உள்ளே இருந்த குடிகாரர் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். தபால் நிலையத்தின் கனத்த மரக்கதவுக்கு முன்னால் நின்று, "ஒரு தடவையாவது மூஞ்சியில அறைஞ்சா என்ன?" என்று கேட்டேவிட்டார். அது முன்னைவிட மெதுவாக, மரியாதையாகத் திறந்தது. கதவுகளுக்கு அவருடைய நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று அவர் அழுதார். அவர் அழுகிற இடத்துக்கு எதிரே இருந்த சோடாக் கடையும் திறந்துகொண்டது.

மாலை ஐந்தரைக்கு நாப்பத்தொண்ணின் வீட்டுக்கு வந்தார். ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீடு. நான்கு தப்படியில் கதவு திறந்தது. காற்று என்று நினைத்து அவள் நிமிரவில்லை. தரையில் உட்கார்ந்து, நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கி, ஊசிக்கு நேரே கொண்டுபோனாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கமாகப் போனது. மறுபடி அந்தப் பக்கமாகப் போனது. இஸ்திரிக்காரர் எட்டு முறை பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பதாவது முறைக்கு முன்னால், "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

"யாரு, அண்ணனா? கதவு தொறந்துதானே இருக்கு, வாங்க."

"அது தொறக்கும்மா. நீ சொல்லணும்ல."

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னாள். அவர் உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் நடந்ததைத் தன் வாயால் சொன்னார். கண்ணில் விழுந்த தூள் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதையும், டாக்டர் கேட்டிருக்காவிட்டாலும் தானே கதையை ஆரம்பித்திருப்பார் என்பதையும் சேர்த்தே சொன்னார். அவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சை மாற்றுவதற்காக அவர் கேட்டார்: "அன்னிக்கு நீ ஏம்மா கடைசியா வந்தே? உள்ள ரொம்பத் தள்ளி இருந்தியா?"

"இல்லண்ணே. கதவைத் தட்டினதே நான்தான். நீங்க பூட்டை உடைச்சதும் பின்னாடி எல்லாம் இருமிட்டு நிக்குறாங்க, ஒருத்தி மாசமா வேற இருந்தா. போங்க போங்கன்னு கையைப் புடிச்சு விட்டுட்டே இருந்தேன். பாத்தா நான்தான் மிச்சம்."

"இதை யார்கிட்டயும் சொல்லவே இல்லையே நீ?"

"சொல்றதுக்கு அதுல என்னண்ணே இருக்கு? வழில நின்னவ வழிய விடணும்ல."

இஸ்திரிக்காரர் தண்ணீரைக் கீழே வைத்தார். பிறகு ஊசியைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டார்.

அன்றிலிருந்து டாக்டர் வரும்வரை தினமும் காலை ஆறு மணிக்கு அவர் அந்த வாசலில் போய் நிற்பார். கதவு திறக்கும். அவள் கூப்பிடும்வரை வெளியிலேயே நிற்பார். கூப்பிட்டதும் உள்ளே போய் அறுபது ஊசிகளில் நூல் கோத்து, வெள்ளை, நீலம், கறுப்பு என்று வரிசையாக ஒரு துணிப்பட்டையில் குத்தி வைப்பார். அவள் அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போவாள். ஏழு கிலோ இரும்பைத் தூக்கிப் பழகிய தடித்த விரல்களுக்கு ஊசி அகப்படவில்லை. முதல் நாள் இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெருவிரலில் பதினான்கு குத்து. அவளுடைய அப்பா படுக்கையிலிருந்தபடியே, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... விட்டுட்டீங்க... ஐயோ, மறுபடி விட்டுட்டீங்க" என்று கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்லிக்கொண்டிருந்தார். படுத்த படுக்கையான பிறகு அவருக்கு அவ்வளவு நல்ல பொழுதுபோக்கு கிடைத்ததில்லை. பத்தாம் நாள் நேரம் இருபது நிமிடமாகக் குறைந்தது. ஆலையில் நாப்பத்தொண்ணின் கை அந்தப் பிரிவிலேயே வேகமான கையானது. மேற்பார்வையாளர் சந்தேகத்தோடு ஒரு வாரம் அவள் பின்னாலேயே நின்று பார்த்துவிட்டு, கால் வலிக்கிறது என்று போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு சங்கதி நடந்தது. அன்று பதினெட்டு நிமிடத்தில் அறுபது ஊசியும் முடிந்திருந்தது. இஸ்திரிக்காரர் மிகுந்த சந்தோஷத்தோடு சவரக் கடைக்குப் போனார். கதவு திறந்தது. ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர் நேராகப் போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். முடிதிருத்துபவர் போர்வையைக் கட்டி, ஒரு பக்கக் கன்னத்தில் நுரை போட்டுவிட்டார். கண்ணாடியில் பின்னால் வரிசையாக ஆறு முகங்கள் தெரிந்தன. 'தினமும் அறுபது ஊசி கோக்கிறவனுக்கு இதுகூடவா இல்லை' என்று தன் மனசு சொல்லிக்கொண்டிருப்பதை அப்போதுதான் அவர் கேட்டார். நாற்பத்தொன்று போய் அறுபது வந்திருந்தது. "அடப்பாவி" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். முடிதிருத்துபவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று பயந்து கத்தியைக் கீழே வைத்தார். இஸ்திரிக்காரர் போர்வையோடும் ஒரு கன்ன நுரையோடும் எழுந்துபோய், ஆறாவது ஆளுக்கு அடுத்து உட்கார்ந்தார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கணக்கு வாத்தியார்தான், "ஏன், கத்தி சரியில்லையா?" என்று கேட்டார். "கத்தி நல்லாத்தான் இருக்கு. நான்தான் முன்னாடி வந்துட்டேன்" என்றார் அவர். அப்படிச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நுரை வாய்க்குள் போய் இருமினார். ஆறு பேரும் சிரித்தார்கள். ஒன்றரை மணி நேரம் அவர் அரைமுகத்தில் நுரை காய்ந்து உதிர உட்கார்ந்து, சட்டைத் தடத்தைப் பற்றியும், மின்விசிறித் தூக்கத்தைப் பற்றியும், கண் டாக்டரைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருடமாகத் தீக்கதையைக் கேட்டு அலுத்திருந்த ஊருக்கு இது புதுக்கதை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ரொட்டிக் கடைக்காரரும் ஒருவர். அவர் நடுவில் எழுந்து, சவரமே செய்துகொள்ளாமல் போய்விட்டார். மறுநாள் ரொட்டி பழைய அளவுக்கு வந்திருந்தது. கூடவே ஒரு விரல் அதிகமாகவும் இருந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை. மருந்துக் கடை எட்டு மணிவரை திறந்திருந்தது.

குமாஸ்தாவைத் தேடிப்போய்ச் சட்டைக்காகவும் மன்னிப்புக் கேட்டார். குமாஸ்தாவுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டிருந்தது. வந்திருந்த எண்பது பேரில் முதுகில் படகு உள்ளவன் என்று ஞாபகம் வைத்துத்தான் கூப்பிட்டார்களாம். "இன்னொரு சட்டைலயும் அதே மாதிரி போட்டுத் தர்றீங்களா, பதவி உயர்வு வருது" என்று அவன் கேட்டான். இஸ்திரிக்காரர் மறுத்துவிட்டு, புதுச் சட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்.

டாக்டர் வரும் திங்கட்கிழமை வந்தது. நாப்பத்தொண்ணு நான்காவது டோக்கன். இஸ்திரிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில், நன்றாக நூறு தப்படி தள்ளி நின்றுகொண்டார். ஒரு கதவும் தன்னால் திறந்துவிடக் கூடாது என்று பின்வாங்கிப் பின்வாங்கி நின்றதில் மரத்தில் கட்டியிருந்த ஆட்டின் மேல் சாய்ந்துவிட்டார். பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டரம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். பயணிகள் கோபிக்கவில்லை. அவர்களும் இறங்கி வந்து நின்றார்கள். படலத்தை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்காகவே அவர் மறுபடி வந்து வியாழக்கிழமை அறுவை சிகிச்சை செய்தார். ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தபோது இஸ்திரிக்காரர் வார்டு வாசலில், திறந்த கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்று கூப்பிட்ட நாப்பத்தொண்ணு அவரை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். "என்னண்ணே, நீங்க இவ்ளோ குட்டையா? புகைக்குள்ள பாத்தப்போ பனைமரம் மாதிரி இருந்தீங்க!"

வார்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கண்டக்டரம்மா மூன்று நாள் சிரித்தார். இஸ்திரிக்காரரை அதன் பிறகு சிலர் பனைமரம் என்றே கூப்பிட்டார்கள். ஐந்தடி உயரக்காரரான அவருக்கு அதில் தனிப் பெருமை.

அதற்குப் பிறகு வருடங்கள் சுலபமாகப் போயின. அவருக்கு அவ்வப்போது சறுக்கியது. யாருக்காவது ஒரு நல்லது செய்த மறுநாள் அவர் தன்னையே கொஞ்சம் சந்தேகத்தோடு கவனிப்பார். எங்காவது முன்னால் போய் நின்றுவிட்டால், நெற்றியில் அடித்துக்கொண்டு பின்னால் வருவார். ஊர் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, "பனைமரம், நேத்து என்ன புண்ணியம் பண்ணீங்க?" என்று கேட்கும். அவரும் ஒளிக்காமல் சொல்வார். சாவியைத் தொலைத்தவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகிப்போன கதவுகளுக்கு அவரை ஒரு நடை வந்துபோகச் சொன்னார்கள். குளியலறையில் மாட்டிக்கொண்ட மூன்று குழந்தைகளையும் ஒரு நகராட்சித் தலைவரையும் வெளியே கொண்டுவந்தார். சிறைச்சாலையிலிருந்து, தயவுசெய்து இருநூறு தப்படிக்குள் வரவேண்டாம் என்று முத்திரையிட்ட கடிதம் வந்தது. அதை மதித்துச் சந்தைக்குச் சுற்றுவழியில் போனார். கிளி வளர்ப்பவர்கள் அவர் வரும் தெருவில் கூண்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்கள். கண்டக்டரம்மா நான்காவது வருடம் வாசல் கதவை மட்டும் திரும்ப மாட்டினார். அது திறந்த பிறகும் இஸ்திரிக்காரர் வெளியே நின்று, "வரலாமா?" என்பார். "வேற எங்க போகப் போறீங்க?" என்று உள்ளிருந்து பதில் வரும்.

கண்டக்டரம்மா ஓய்வு பெற்ற வருடம், கடைத்தெருவில் நான்கு மாடியில் ஒரு பெரிய கடை திறந்தார்கள். அதன் வாசலில், ஆள் வந்தால் மின்சாரத்தில் தானே விலகும் கண்ணாடிக் கதவு. அப்படி ஒன்றை ஊர் அதுவரை பார்த்ததில்லை. திறப்பு நாளன்று கடைத்தெரு முனைவரை வரிசை நின்றது. நாப்பத்தொண்ணு தன் கணவரையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். இஸ்திரிக்காரரும் மனைவியும் வெகு பின்னால் நின்றார்கள். கதவு ரொட்டிக் கடைக்காரருக்கு விலகியது. கணக்கு வாத்தியாருக்கு விலகியது. வாத்தியார் நம்பாமல் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தார். ஆலையின் பழைய மேற்பார்வையாளர் ஊன்றுகோலோடு வந்தார். அவருக்கும் விலகியது. ஒரு கைக்குழந்தை இடுப்பிலிருந்து காலை நீட்டியதற்கே விலகியது. ஒவ்வொருவருக்கும் அது திறக்கத் திறக்க இஸ்திரிக்காரர் கைதட்டினார்.

அவர் முறை வந்தது. கதவு விலகியது. நான்கு தப்படி தூரத்தில் விலகியதா, மூன்றிலா என்று கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் வந்த மனைவியைப் பார்த்து, "இது எனக்காகத் தொறந்துச்சா, கரன்ட்டுக்காகத் தொறந்துச்சா?" என்று கேட்டார். "யாருக்குத் தெரியும், நடங்க, பின்னாடி ஆள் நிக்குறாங்க" என்றார் கண்டக்டரம்மா. தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பது இஸ்திரிக்காரருக்கு அப்படியொரு சந்தோஷத்தைக் கொடுத்தது. உள்ளே வைக்கப்போன காலை எடுத்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட அவர் ஓரமாக நகர்ந்தார். எங்கிருந்தோ வந்த ஒரு தெருநாய் அவருக்கும் மனைவிக்கும் நடுவில் புகுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் கடைக்குள் போனது.